இடது கால் செருப்பு

என் வீட்டுக்காரர் தையல்காரர். விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் ராத்திரியானால் அந்தக் கெண்டைக்காலில்தான் சதை பிடித்து இழுக்கும், மனிதர் துடித்துப்போவார். மருந்துக்கடைக்காரர் கொடுத்தாரென்று வைட்டமின் மாத்திரை வாங்கி வந்தார்.

"இல்லாத காலுக்கு மாத்திரையா? கொடுத்தவருக்காவது புத்தி வேண்டாமா?"

"வலி இருக்கேம்மா" என்றார்.

பத்தாம் நாள் அசந்து தூங்கினார். காலையில் வெட்டுமேசையடியில் சிந்தியிருந்த சாக்பீஸ் தூளில் அவருடைய பாதத் தடங்கள், வலதும் இடதுமாக. ஊன்றுகோல் தடமே இல்லை. பரணிலிருந்து இடது செருப்பை இறக்கித் துடைத்து, வலதின் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் விடிந்தும் அவர் குறட்டை ஓயவில்லை. கூட்டுவதற்காகச் செருப்புகளை நகர்த்தினேன். இரண்டிலும் சூடு இருந்தது.

மருந்துக்கடை திறந்ததும் நானே போய் இன்னும் இரண்டு டப்பா மாத்திரை வாங்கி வந்தேன்.