ரெயால் பிடித்த கை

பனிநடைக் காலணிகள் மாட்டிக்கொண்டு மலை ஏரிக்குப் போன குழுவில், கில்லேனின் கணவன் ரெயால் மூடுபனியில் காணாமல் போனான். பெயர் சொல்லிக் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மீட்புக் குழுவினரைத் தேடவிட்டு, வழிகாட்டி ஒடில் மற்றவர்களைக் கீழே அழைத்துப் போனாள். கடைசியாக நடந்த கில்லேனின் கையைப் பின்னாலிருந்து யாரோ பற்றினார்கள்.

"ஏன்டி இப்படிக் கத்துற? காதே போச்சு." ரெயாலின் குரல். அவள் விம்மியபடி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒடிலின் ரேடியோ கரகரத்தது. "அந்தம்மா வீட்டுக்காரர் கிடைச்சிட்டாரு. ஏரியில, ஐஸுக்கு அடியில. உயிர் இல்ல."

ஒடில் திரும்பினாள். கில்லேனுக்குப் பின்னால் பார்த்தவள் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்லாத, உன் கால்ல விழுறேன். நட," என்றாள் கில்லேன்.

அவள் கையுறைக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.