முழு வேகத்தில் ஒரு குதிரை

ஒரு சினிமா கேமராவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று இருந்தது. அது சொன்னபடி உள்ளே சுற்றுவது மோட்டாரின் வேலை. திருகுக்குத் தலைக்கனம், மோட்டாருக்கு அதைக் கண்டாலே இளக்காரம்.

அன்று குதிரை ஓடும் காட்சி.

"குதிரையைப் பறக்க விடுறேன் பாரு. முழு வேகத்துல சுத்துடா," என்றது திருகு.

கேமராவில் பிலிம் வேகமாக ஓடினால் திரையில் குதிரை ஆமையாய் நகரும் என்பது மோட்டாருக்குத் தெரியும். அந்த வேகத்தில் தன் கம்பிச்சுருள் கருகும் என்பதும் தெரியும். ஆனாலும், ஊர் சிரிக்கத் திருகு அவமானப்படுவதைப் பார்க்க ஒரு நாள் சூட்டைப் பொறுத்தால் என்ன என்று நினைத்தது.

"நீங்க சொன்னா சரிதாண்ணே," என்று மூச்சிரைக்கச் சுற்றியது.

பிலிமைக் கழுவித் திரையிட்டபோது கேமராவும் மூலையில் இருந்தது. குதிரை மெல்ல மிதந்து வந்தது. மோட்டார் சிரிப்பொலிக்காகக் காத்திருந்தது. இயக்குநரோ எழுந்து நின்று கைதட்டினார்.

"என்ன கம்பீரம்யா. மீதிப் படத்தையும் இதே வேகத்துல எடுத்துடுவோம்."

"நான் நினைச்சதே இதைத்தான்," என்றது திருகு.

மறுநாள் காலையிலேயே திருகு முழு வேகத்தின் கடைசிக் கோடுவரை திரும்பி நின்றது.

"என்னடா, ஆரம்பத்திலேயே கருகுற வாடை வருது? இன்னும் பாதிப் படம் இருக்கு."

"ஒண்ணுமில்லண்ணே," என்று மோட்டார் சுற்றத் தொடங்கியது.