திறப்பு விழா

பின்னறை மேசையில் உள்ளங்கையளவு நீராவி இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அதைச் செய்தவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். வருஷக்கணக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு இதையே அரத்தால் ராவிக்கொண்டிருந்தவர், மந்திரி வந்து திறந்து வைக்கச் சிவப்பு ரிப்பன்கூட வாங்கி வைத்திருந்தார். மந்திரிக்குத்தான் விஷயம் தெரியாது. இப்போது அந்த ரிப்பனால் இறந்தவரின் மனைவி சக்கரத்தின் தூசியைத் துடைக்கிறாள். "ஓடலேன்னா பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிடலாம் அண்ணி. எனக்கும் ஆபீஸ் போட ஒரு ரூம் கிடைச்ச மாதிரி" என்கிறார் கொழுந்தனார். "ஓடுதான்னு பார்ப்போம். இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து என்னதான் பண்ணினார்னு எனக்குத் தெரியணும்" என்று அவள் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்கிறாள்.

நீலச் சுடர் கொதிகலனின் வயிற்றை நக்குகிறது. சூடேறிய எண்ணெயின் வாசனை, அவர் சட்டையின் அதே வாசனை, அறையை நிறைக்கிறது. வால்வு சீறுகிறது, சக்கரம் அசையவில்லை. "அண்ணன் பேச்சுலயே நாலு ரயில் ஓட்டினவராச்சே" என்று கொழுந்தனார் சிரிக்க, அவள் சக்கரத்தை ஒரு விரலால் சுண்டுகிறாள். பித்தளை மெல்லச் சுழல்கிறது. டக் டக், கொஞ்சம் விட்டு, டக். மறுபடி டக் டக், கொஞ்சம் விட்டு, டக். கொழுந்தனார் சிரிப்பை விழுங்குகிறார். டீ வேண்டுமென்றால் அண்ணன் வாயைத் திறந்து கேட்க மாட்டார். ஸ்பானரால் மேசையில் இப்படித்தான் தட்டுவார். கொழுந்தனார் அவசரமாகக் குனிந்து விளக்கை ஊதி அணைக்கிறார். மிச்சமிருக்கும் ஆவியில் சத்தம் நிற்காமல் கேட்கிறது. "அணைச்சுட்டேன் அண்ணி, இப்போ நின்னுடும்" என்று திரும்புகிறார். அவள் அங்கே இல்லை. சமையலறையில் அடுப்பு பற்றுகிற சத்தம். "வரேங்க" என்கிறது அவள் குரல், பழைய எரிச்சல் மாறாமல். "ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?"