ஒரு மணிக்கு லேத் நிற்கும்

கீழே லேத் இயந்திரங்கள் நின்றதும் லோகப்பிரியா கத்தினாள்.

மூன்று நாட்களாக அவள் கவனித்து வைத்திருந்த நேரம் அது.

கணபதி என்ற பகுதியில், பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. பகலெல்லாம் இரும்பு அறுபடும் சத்தம். அதை மீறி எந்தக் குரலும் வெளியே போகாது. சாயங்காலம் பட்டறை மூடியதும், அவளைக் கடத்தி வைத்திருந்த சுரேந்தர் வாயில் துணியை அடைத்துவிடுவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அரை மணி நேரம், இயந்திரமும் ஓடாது. வாயில் துணியும் இருக்காது.

சுரேந்தர் குஸ்கா பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்து அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை.

மருந்துக்கடை வாசலில் அவன் ஒரு ஆளை வெட்டியதைத் தெருவே பார்த்தது. சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவள், அந்தக் கடையில் வேலை பார்த்த லோகப்பிரியா மட்டும். வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் அவள் நிற்க வேண்டும். திங்கள் வரை அவள் உயிரோடு இருப்பாளா என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை அவளிடமே சொல்லியிருந்தான்.

படிக்கட்டில் காலடி கேட்டது.

யாரோ ஓடி வருகிறார்கள். அவள் இன்னும் பலமாகக் கத்தினாள்.

சுரேந்தர் அரிவாளை எடுத்துக்கொண்டு கதவைப் பாதி திறந்தான்.

பட்டறை முதலாளி லட்சுமணசாமி. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார். மாதாமாதம் அவளிடம் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். கண்ணு, கண்ணு என்றுதான் அழைப்பார்.

"அண்ணா, நான்தானுங்ணா! மருந்துக்கடை லோகப்பிரியா! போலீசுக்குச் சொல்லுங்ணா!"

அவர் பார்த்தார். கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்த கைகள், வீங்கி மூடிய கண், ரத்தம் வழியும் வாய். எல்லாவற்றையும் பார்த்தார்.

அப்புறம் சுரேந்தரின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"தம்பி, சத்தம் கீழ வரைக்கும் கேக்குதுங்க. மத்தியானத்துலயும் மிசினை நிறுத்தாம ஓட்டச் சொல்லிப்போடட்டுங்களா?"

சுரேந்தர் தலையசைத்தான்.

கதவை லட்சுமணசாமியே சாத்தினார். குழந்தை தூங்கும் அறையைச் சாத்துவதுபோல், மெதுவாக.