கூடையில் காத்திருப்பது

அச்சகத்தின் இணையக் கடையில் வாங்குபவர்கள் பொருள் சேர்க்கும் கூடை எப்படி இயங்க வேண்டும் என்று பூவராகன்தான் திட்டம் போட்டான். படம் அச்சிடும் குவளையும் நாள்காட்டியும் சோதனையில் ஒழுங்காக வந்துவிட்டன. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியைச் சோதிக்க ஒரு முகம் தேவைப்பட்டது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பாவின் படம் கைக்கு வந்தது. மாதிரிக்குத்தானே என்று ஏற்றினான். தோற்றம் என்ற கட்டத்தில் குத்துமதிப்பாக ஒரு தேதியைப் போட்டான். மறைவு என்ற கட்டத்தில் விரல் ஓடவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டான். கூடையைப் பாதியில் விட்டவர்களுக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் போக வேண்டும் என்பதும் அவன் யோசனைதான். தன் எண் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் சோதனைக்கு அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தான்.

மறுநாள் சாப்பிடும்போது அப்பா போனை நீட்டினார். மாலை போட்ட அவர் முகம். கீழே, ‘உங்கள் பொருள் கூடையில் காத்திருக்கிறது. முடித்துவிடலாமா?’

பூவராகனுக்குக் காது மடல் சுட்டது. “அது வந்துப்பா... சும்மா டெஸ்டுக்கு...”

“படம் நல்லாத்தான்டா இருக்கு. நான் பொறந்தது ஆகஸ்டுல. நீ ஏப்ரல்னு போட்டிருக்க.”

அவரே திறந்து திருத்தினார். பிறகு காலியாக இருந்த அடுத்த கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவனையே பார்த்தார்.