ஐந்தாவது விடுதி

கடலோரமாகவே நானூறு கிலோமீட்டர் சைக்கிளில் போவதென்று அக்காவும் தம்பியும் முடிவு செய்தார்கள். இருவருமே அந்தப் பக்கம் போனதில்லை. தம்பி சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் கோடு போட்டான். வார்டு நர்ஸான அக்கா, தன் விடுமுறை நாளில் விடுதிகளுக்கு வரிசையாகப் போன் போட்டாள். ஒவ்வொரு இடத்திலும் மூட்டைப்பூச்சி உண்டா என்று கேட்டாள். "கொசு மட்டும்தாம்மா" என்றார் ஒருவர். முதல் நான்கிலும் இரண்டு கட்டில் கிடைத்துவிட்டது.

ஐந்தாவது விடுதியின் பொறுப்பாளர் அவள் பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். "மறுபடி வர்றீங்களாம்மா? மனசு தேறிடுச்சா?"

"நான் அங்க வந்ததே இல்லையே."

"தனியாத்தான் வந்தீங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தீங்க. தண்ணி குடுத்தேன், வாங்கிக்கவே இல்ல."

அவள் சட்டென்று போனை வைத்தாள். வரைபடத்தில் நான்காவது விடுதிக்கும் ஐந்தாவதற்கும் நடுவே சாலை கடலை உரசிக்கொண்டு போனது. நாற்பது கிலோமீட்டருக்கு ஊரே இல்லை.

"என்னக்கா சொன்னாங்க?"

வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள். "இடமே இல்லையாம்டா. இந்தப் பயணம் வேண்டாம், விட்டுடு."

தம்பி தலை நிமிரவில்லை. அந்த நாற்பது கிலோமீட்டரின் மேல் பென்சில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"இடம் இருக்குக்கா. நேத்தே பேசிட்டேன். உனக்கு ஒரு கட்டில் போதும்னு சொல்லி வெச்சிருக்கேன்."