மாப்பிள்ளையின் இடுப்புவலி

"இது இடுப்புவலியே இல்லை. சுத்தச் சோம்பேறித்தனம்!"

தங்கை வீட்டில் வந்திறங்கிய மூன்றாம் நாளே அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தங்கை கணவனோ இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, காலை பத்து மணி வரை சோபாவில் குறட்டை விடுகிறான். லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போயே ஒரு மாதமாகிறதாம்.

அக்காவையா ஏமாற்ற முடியும்? தொழிற்சாலையில் இருபது வருடமாக லீவு லெட்டர் பார்க்கிறவள். ஒரே மாமனாரை நான்கு தடவை சாகடித்தவனையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவள்.

"குட்டி, உன் புருஷனுக்கு எந்தப் பக்கம்டி வலி? இடதா, வலதா?"

"அது... மாறி மாறி வரும்க்கா."

தங்கை குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாவம், வெகுளி, நம்பிவிட்டாள் என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பியவள் மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். தோளில் ஒரு மூட்டை துவைத்த துணி, கையில் தண்ணீர் கேன். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தான் இடுப்புவலிக்காரன்.

"மாப்பிள்ளை!"

அவன் திரும்பினான். கேனைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ... அம்மா" என்றான், ரொம்பத் தாமதமாக.

"போதும், நிறுத்துங்க! பச்சை உடம்புக்காரியை ஏமாத்த வெட்கமா இல்ல? இன்னிக்கே குட்டியையும் குழந்தையையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் முகம் வெளுத்தது. "என்னை என்ன வேணா திட்டுங்கக்கா. அவளை மட்டும் இப்போ கூட்டிட்டுப் போயிடாதீங்க."

"ஏன், ஆக்கிப்போட ஆள் இருக்காதா?"

மேலே கதவு திறந்தது. குழந்தையும் கையுமாகத் தங்கை நின்றாள்.

"அவரை விடுக்கா. அவர் நடிக்கிறார்தான். எனக்காக நடிக்கிறார்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எட்டாம் மாசம் ஆஸ்பத்திரியில ஏதோ ஆராய்ச்சிக்குன்னு என் ரத்தம் எடுத்தாங்க. ஏதோ ரெண்டு ஹார்மோன் அளவு ஏறுக்குமாறா இருந்துச்சாம். பிரசவத்துக்கு அப்புறம் மனச்சோர்வு வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க. நல்லாத் தூங்கணும், பக்கத்துல எப்பவும் ஆள் இருக்கணும்னாங்க. சேர்த்து வெச்ச லீவு மொத்தத்தையும் போட்டுட்டு உட்கார்ந்துட்டார்."

"அதை என்கிட்டகூடச் சொல்லக் கூடாதாடி?"

"உன்கிட்ட சொன்னா அம்மாகிட்ட சொல்லுவே. அம்மா ஊருக்கே சொல்லுவாங்க. நான் கொஞ்சம் பேசாம இருந்தாலே எல்லாரும் என் மூஞ்சியை உத்து உத்துப் பார்ப்பீங்க. அதான், 'நோயாளி நானா இருந்துட்டுப் போறேன்'னு இவர் பெல்ட்டைக் கட்டிக்கிட்டார். நான் தூங்கணும்னு ராத்திரி பூரா குழந்தையை இவர்தான் பார்த்துக்கறார். காலையில பத்து மணி வரைக்கும் தூங்காம என்ன பண்ணுவார்?"

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்கிவந்த சோப்பெல்லாம் பையிலிருந்து சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"இப்போ எப்படிடி இருக்கே?"

"நடுவுல நாலு நாள் காரணமே இல்லாம அழுகையா வந்துச்சு. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டார். இப்போ பரவாயில்லக்கா. நேத்து நீ குளிக்கும்போது பாடினியே, வாய்விட்டுச் சிரிச்சேன்."

கண்ணீரோடு சேர்ந்து அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மா.

"என்னடி, மாப்பிள்ளைக்கு நெஜமாவே வலியா, இல்ல நடிப்பா? உன் கண்ணுக்குத் தப்பாதே!"

அக்கா தங்கையைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நடிப்பா? நீ வேறம்மா! மனுஷனால நிமிரவே முடியல. நான் இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருந்து பார்த்துக்கறேன்."